ஒரு யூனிட் கரன்ட்டுக்கு மூணு யூனிட் சூடு! திருப்பூருக்கு ஹீட் பம்ப் கட்டுப்படியாகுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் விடியற்காலை நாலரை மணிக்குப் போய் நின்றால், முதலில் மூக்குக்கு வருவது விறகுப் புகைதான். பின்கட்டில் தகர ஷெட். அதற்குள் இரும்பு பாய்லர். முந்தின நாளே பிளந்து அடுக்கிய சீமைக்கருவேல விறகு. மூன்றரைக்கே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்த அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே விறகைத் தள்ளிக்கொண்டிருப்பார். ஆறு மணிக்குள் நூறு பேர் குளித்தாக வேண்டும். எட்டரை ஷிஃப்ட்டுக்கு பஸ் வந்துவிடும்.

எனக்குத் தெரிந்த அப்படி ஒரு விடுதியில், பாய்லரைத் தூக்கிவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாமா என்ற பேச்சு ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விலைப்பட்டியல் வந்துவிட்டது. முடிவுதான் வரவில்லை. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, அது ஏசி பொட்டி மாதிரியே இருக்குது. ஏசி பொட்டி எப்படீங்க தண்ணி காய வெக்கும்?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெட்டி செய்வதை அவர் தினமும் கையால் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஃப்ரிட்ஜின் பின்பக்கமோ பக்கவாட்டோ தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே வைத்த குழம்பிலிருந்தும் தயிரிலிருந்தும் உருவிய சூடு அது. ஃப்ரிட்ஜ் அதை வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. ஏசியின் வெளிப் பெட்டி தெருவில் போகிறவர் முகத்தில் அனல் அடிப்பதும் இதே கதைதான். அந்தச் சூட்டைத் தெருவில் கொட்டாமல் தண்ணீர்த் தொட்டிக்குள் கொட்டினால் அதற்குப் பெயர் ஹீட் பம்ப்.

பெயரிலேயே பம்ப் இருப்பது நம் ஊர்க்காரர்களுக்கு வசதி. கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான். நாற்பதடிக் கிணறென்றால் சின்ன மோட்டார் போதும். ஆயிரம் அடி போர் என்றால் அதே அளவு தண்ணீருக்குப் பல மடங்கு கரன்ட். ஹீட் பம்பும் அப்படியே. காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றுகிறது. காற்றின் சூட்டுக்கும் நமக்கு வேண்டிய வெந்நீரின் சூட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் கிணற்றின் ஆழம். 30 டிகிரிக் காற்றிலிருந்து எடுத்து 50 டிகிரித் தண்ணீர் தருவது மேலாகக் கிடக்கும் கிணறு. பூஜ்ஜியத்துக்குக் கீழே உறைந்த காற்றிலிருந்து எடுத்து 60 டிகிரி தருவது ஆழ்துளைக் கிணறு.

சாதாரண கீசரில் ஒரு யூனிட் கரன்ட் போட்டால் ஒரு யூனிட் சூடு வரும். அதற்கு மேல் எந்தக் கம்பெனி கீசரிலும் வராது. அதில் ஒட்டியிருக்கும் ஸ்டார்கள், காய்ந்த தண்ணீர் தொட்டியில் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்கான மதிப்பெண்கள். சூடாக்கும் திறமைக்கானவை அல்ல. பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஹீட் பம்பிலோ ஒரு யூனிட் கரன்ட்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூடு கிடைக்கும். மிச்சம் இரண்டு, இரண்டரை யூனிட் காற்றிலிருந்து வந்தது. இந்த விகிதத்தைத்தான் சி.ஓ.பி. என்கிறார்கள். விற்பனைத் தாளில் 4 என்றோ 4.5 என்றோ போட்டிருந்தால், எத்தனை டிகிரிக் காற்றில், எத்தனை டிகிரித் தண்ணீருக்கு என்று கேளுங்கள். கிணற்றின் ஆழத்தைச் சொல்லாமல் மோட்டாரின் பெருமையை மட்டும் பேசுவதில் அர்த்தமில்லை.

வீட்டுக் கணக்கு

முதலில் வீடு. நான்கு பேர். ஆளுக்கு ஒரு பக்கெட், 20 லிட்டர், உடம்பு தாங்கும் 40 டிகிரிச் சூடு. குழாய்த் தண்ணீர் 26 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 14 டிகிரி ஏற்ற வேண்டும். 80 லிட்டரை 14 டிகிரி ஏற்ற 1.3 யூனிட் போதும். கீசர் விரயத்தையும் சேர்த்து ஒன்றரை யூனிட். மின் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். ஹீட் பம்ப் வைத்தால் இது 30 யூனிட்டாகும். மிச்சம் 60.

நீங்கள் 500 யூனிட்டைத் தாண்டும் வீடு, மேல்படியில் யூனிட்டுக்கு எட்டரை ரூபாய் கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் இரண்டு மாதத்துக்கு 510 ரூபாய். வருடத்துக்கு மூவாயிரம் சொச்சம். வீட்டு ஹீட் பம்ப், தொட்டியோடு சேர்த்து ஒரு லட்சம் என்றால், போட்ட பணம் திரும்ப 30 வருடத்துக்கு மேல். அதற்குள் பெட்டியின் ஆயுசே முடிந்துவிடும். வேண்டாம். பக்கெட்டில் குளிக்கும் நான்கு பேர் குடும்பத்துக்குக் கீசரே போதும். சொந்த மொட்டை மாடி இருந்தால் சோலார் வாட்டர் ஹீட்டர் அதைவிட நல்லது. நம் ஊர் வெயிலுக்கு, ஐப்பசி கார்த்திகை மேகமூட்ட நாட்களைத் தவிர, அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் எட்டுப் பேர் கூட்டுக் குடும்பம், எல்லோரும் ஷவர் என்றால் கணக்கு தலைகீழ். பத்து நிமிட ஷவர் 80 லிட்டரை விழுங்கும். எட்டுப் பேருக்கு 640 லிட்டர், பத்து யூனிட்டுக்கு மேல் சூடு. இரண்டு மாதத்தில் 600 யூனிட்டைத் தாண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்றால் 400 யூனிட். வருடத்துக்கு இருபதாயிரம் ரூபாய். ஐந்து வருடத்தில் பெட்டியின் விலை திரும்பிவிடும். இன்னொன்று: தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேல்படி விலை மட்டும் ஏறுவதில்லை, கீழ்ப்படிகளில் இருந்த சலுகையும் குறைகிறது. அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்குச் சின்ன மிச்சமும் பெரிய வித்தியாசம். (பக்கெட்டுக்கு மாறினாலும் இதே மிச்சம் கிடைக்கும், ஒரு பைசா செலவில்லாமல். அதை வீட்டில் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் என்ன பதில் வருமென்று!)

நூறு பேர், ஒரு தொட்டி

விடுதிக்கு வருவோம். நூறு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட். மொத்தம் 2,000 லிட்டர், 40 டிகிரி. சாதாரண நாளில் 33 யூனிட் சூடு வேண்டும். ஆனால் அளவை சாதாரண நாளுக்குப் பார்க்கக் கூடாது, மார்கழிக்குப் பார்க்க வேண்டும். அப்போது தொட்டித் தண்ணீர் 22 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஏற்ற வேண்டியது 18 டிகிரி. 42 யூனிட் சூடு. குழாயில் போகிற வழியில் ஆறுவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 46.

விலைப்பட்டியல் கொண்டுவந்தவர், இரண்டு மணி நேரத்தில் எல்லாம் சூடாகிவிடும் என்று ஒரு பெரிய மெஷினைக் காட்டியிருந்தார். 46-ஐ இரண்டால் வகுத்தால் 23 கிலோவாட் சூடு தரும் மெஷின். எதற்கு? ராத்திரி ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை எட்டு மணி நேரம் இருக்கிறது. 6 கிலோவாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் 48 யூனிட் சூடு. போதும். அது இழுக்கும் கரன்ட் 2 கிலோவாட் அளவுதான். அதற்குப் பதில் தொட்டி கொஞ்சம் பெரிதாக வேண்டும். 55 டிகிரியில் 1,200 லிட்டர் சேமித்து வைத்தால், பச்சைத் தண்ணீர் கலந்து நூறு பக்கெட்டுக்கு வரும். தொட்டி மலிவு, கம்ப்ரஸர் விலை அதிகம். சின்ன மெஷின், பெரிய தொட்டி என்பதுதான் விடுதிகளுக்குச் சரியான சேர்க்கை. பெரிய மெஷின் அடிக்கடி நின்று நின்று ஓடினால் கம்ப்ரஸரும் சீக்கிரம் போய்விடும்.

55-க்குக் கீழே இறக்கினால் கரன்ட் இன்னும் மிச்சமாகுமே என்று தோன்றும். ஆகும்தான். ஆனால் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும். நூறு பேர் குளிக்கும் தொட்டியில் அந்தச் சிக்கனம் வேண்டாம். வாரம் ஒருமுறையாவது 60 டிகிரிக்கு ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பணக் கணக்கு எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. குளியலறைக்கு ஒன்றாகப் பத்து கீசர் இருக்கும் விடுதி என்றால், தினம் 36 யூனிட் போகும் இடத்தில் 11 யூனிட் போதும். 25 யூனிட் மிச்சம். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,750; வருடம் 81,000. மெஷின், தொட்டி, குழாய் வேலை எல்லாம் நான்கு லட்சம் என்றால் ஐந்து வருடத்தில் சரியாகிவிடும். பத்து கீசரும் ஒரே நேரத்தில் ஓடுவதற்காக 20 கிலோவாட் லோடு வாங்கி வைத்திருப்பதும் குறையும்.

விறகு பாய்லரோடு ஒப்பிட்டால் இந்த அழகு கலைந்துவிடும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 4 யூனிட் சூடு இருக்கிறது. தகர ஷெட் பாய்லரில் அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் புகைபோக்கி வழியே போய்விடும்; 1.2 யூனிட் தண்ணீரில் ஏறினால் நல்லது. 36 யூனிட்டுக்கு 30 கிலோ விறகு. கிலோ 6 ரூபாய் என்றால் 180 ரூபாய். ஹீட் பம்புக்குக் கரன்ட் 99 ரூபாய். தினம் 81 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு முப்பதாயிரத்தைத் தொடாது. நான்கு லட்சம் திரும்பப் பதினான்கு வருடம் ஆகும்.

விடுதிக் கணக்குப்பிள்ளை இதைத்தான் தாளில் போட்டுக் காட்டி, விறகே இருக்கட்டும் என்கிறார். கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் அந்தத் தாளில் மூன்றரை மணிக்கு எழுந்திருக்கும் அக்கா இல்லை. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். இருமல் மூன்று வருடமாக இருக்கிறதாம். மழைக்காலத்தில் ஈர விறகு என்றால் இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார். அவர் சம்பளத்தில் பாதி இந்த வேலைக்குத்தான் என்று கணக்கில் சேர்த்தாலே பதினான்கு வருடம் ஆறேழு வருடமாகச் சுருங்கிவிடும். அவருக்கு வேலை போய்விடுமோ என்று கேட்டேன். சமையலுக்கே ஆள் பற்றவில்லை, உள்ளே வந்துவிடுவார் என்றார் விடுதி அம்மா. அக்காவைக் கேட்டதற்கு, "நாலரைக்கு எந்திரிச்சாப் போதும்னா சொல்லுங்க சாமி, நானே பாய்லரைக் கழட்டிப் போடறேன்" என்றார்.

வாங்குவதென்று முடிவானால் தண்ணீரை முதலில் பாருங்கள். பல்லடம், காங்கயம் பக்கத்து போர் தண்ணீரில் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு படிவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே படிவு ஹீட் பம்பின் சூடேற்றும் குழாயில் ஏறினால், சூடு தண்ணீருக்குப் போகாமல் திணறும், சி.ஓ.பி. மூன்றிலிருந்து இரண்டுக்கு வழுக்கும். கரன்ட் பில்லில்தான் தெரியவரும். ஆற்றுத் தண்ணீர் இணைப்பு இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லாவிட்டால் மென்னீராக்கும் கருவி, வருடம் ஒருமுறை படிவு நீக்கல் இரண்டையும் விலையில் சேர்த்தே கேளுங்கள். நான் பார்த்த வரை, ஹீட் பம்ப் ஏமாற்றிவிட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோரை ஏமாற்றியது தண்ணீர்தான்.

அடுத்தது இடம். பெட்டி குளிர்ந்த காற்றை வெளியே ஊதும். மூடிய அறைக்குள் வைத்தால் தன் குளிர்ந்த மூச்சையே திரும்ப இழுத்துத் திண்டாடும். ஆனால் பக்கத்திலேயே அயர்னிங் செக்‌ஷன் இருக்கிற கம்பெனி விடுதி என்றால், அங்கே கொதிக்கும் காற்றை இழுத்துக்கொள்ளும்படி பெட்டியை வைக்கலாம். வெந்நீரும் கிடைக்கும், அயர்ன் மாஸ்டருக்குக் கொஞ்சம் காற்றும் கிடைக்கும்.

சாயத் தண்ணீரும் ஓர் ஆஸ்திரியரும்

ஹீட் பம்ப் திருப்பூருக்குப் புதிதென்று நினைத்தால் அது சரியல்ல. வேறு பெயரில், வேறு உருவத்தில், இந்த ஊரின் பிழைப்பையே அது தாங்கிக்கொண்டிருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யல், சாயப்பட்டறைக் கழிவால் என்ன ஆனது என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர் தேங்கும் குட்டையானது. விவசாயிகள் வழக்குக்கு மேல் வழக்காக நடத்தினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த வருடம் ஊரே வெறிச்சோடியதையும், வெளிமாவட்டத்துப் பிள்ளைகள் மூட்டை கட்டியதையும் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிறகு தமிழக அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் சீரமைக்கப்பட்டு, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கழிவை வடிகட்டி, ஆர்.ஓ.-வில் விட்டு, நல்ல தண்ணீரைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்புவது முதல் பாதி. கடைசியில் மிஞ்சும் உப்பு மண்டிய கரைசல்தான் தொல்லை. அதை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து வற்றவைக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் சூடு தேவை. விறகைப் போட்டு அதைச் செய்தால் காடு தாங்காது, கம்பெனியும் தாங்காது. ஒரு கொதிகலனின் ஆவியால் அடுத்ததைச் சூடாக்கி, அதன் ஆவியால் அதற்கடுத்ததைச் சூடாக்கிச் சிக்கனம் செய்வது ஒரு வழி. இன்னொன்றுதான் எம்.வி.ஆர். கரைசலிலிருந்து எழும்பும் ஆவியை வெளியே விடாமல் கம்ப்ரஸரில் அழுத்துகிறார்கள். அழுத்தினால் அதன் சூடு சில டிகிரி ஏறும். ஏறிய ஆவியை அதே கரைசலின் குழாய்களைச் சுற்றி விட்டால், அது தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராக மாறும். கரைசல் மேலும் கொதிக்கும். ஒரே சூடு திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கரன்ட் செலவு சில பத்து யூனிட்டில் அடங்கிவிடும். ஏற்ற வேண்டிய டிகிரி சிலவே என்பதால் இது மிக மேலான கிணறு. இதுவும் ஹீட் பம்ப்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், உலகத்தின் முதல் ஹீட் பம்பும் இந்த வேலைக்குத்தான் செய்யப்பட்டது. 1852-ல் கெல்வின் பிரபு, கட்டடங்களைச் சூடாக்க இப்படி ஒரு எந்திரம் முடியும் என்று எழுதினார். ஆனால் அதைச் செய்து ஓட்டிக் காட்டியவர் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர். 1850-களின் நடுவில், எபென்ஸே என்ற ஊரின் உப்பளத்தில், உப்புக் கரைசலை வற்றவைக்க, விறகைச் சிக்கனம் பண்ண, ஆவியை அழுத்தித் திரும்பப் பயன்படுத்தினார். நம் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வற்றுவது உப்புக் கரைசல்தான்.

அப்படியானால் சாயப்பட்டறையின் பாய்லரையே தூக்கிவிடலாமே? இப்போதைக்கு முடியாது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏறுவது பெரும்பாலும் 60 டிகிரியில். அதுவரைக்கும் ஹீட் பம்ப் தாராளமாகக் கைகொடுக்கும். அதிலும் பட்டறையிலிருந்து சூடாக வெளியேறும் கழிவுநீரிலிருந்தே சூட்டை எடுத்தால் இன்னும் லாபம். ஆனால் சாயம் ஏறிய பின் சோப்புப் போட்டு அலசக் கொதிநிலையை ஒட்டிய சூடு வேண்டும். ஸ்டென்டரில் துணியை உலர்த்தி அகலம் பிடிக்க 150 டிகிரி தாண்ட வேண்டும். அங்கே கிணறு ரொம்ப ஆழம். பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டிச் சூடாக்கி விறகைக் குறைப்பதுதான் இன்று நடைமுறைக்கு ஒத்த வழி. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கரிப்புகைக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டதால், அந்தப் பேச்சு இனி அடிக்கடி வரும்.

குளிர்தேசத்து உறவுகள்

நாம் தைத்து அனுப்பும் ஃப்ளீஸ் சட்டைகளைப் போட்டுக்கொள்ளும் நாடுகளில் ஹீட் பம்ப் என்றாலே வீட்டைச் சூடாக்கும் பெட்டி என்றுதான் பொருள். நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட கட்டடங்களில் அது இருக்கிறது. ஆஸ்லோவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மைனஸ் பத்திலும் ஓடும் என்பார்கள், சி.ஓ.பி. இரண்டை ஒட்டி இறங்கும், அவ்வளவுதான். பிரிட்டனில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு இதை வைப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்ட் மானியம் தருகிறது. அங்கே அளவைத் தீர்மானிப்பது பக்கெட் எண்ணிக்கை அல்ல, சுவர். ஜன்னல் இடுக்கு வழியாகச் சூடு ஓடும் பழைய வீட்டுக்கு முதலில் இடுக்கை அடைக்க வேண்டும், பெட்டி பிறகு.

நமக்குப் பக்கத்திலேயே அப்படி ஓர் ஊர் இருக்கிறது. மார்கழி, தையில் புல்வெளி வெள்ளையாக உறையும் ஊட்டி. அங்கே இன்னமும் பூட்டிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, கார்பன் மோனாக்சைடால் எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. 2 கிலோவாட் மின்சார ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓட்டக் கட்டுப்படியாகாதவர்கள் கரிக்குப் போகிறார்கள். ஹாட் அண்ட் கோல்டு ஏசி என்று விற்பதும் ஹீட் பம்ப்தான். அதே 2 கிலோவாட் சூட்டைக் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலான கரன்ட்டில் தரும். ஒரு படுக்கையறைக்கு ஒரு டன் தாராளம்: அது மூன்றரை கிலோவாட். ஊட்டியில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கரி அடுப்பைக் கேட்கும் விருந்தினருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

விடுதிச் சேதி: கணக்குப்பிள்ளையின் தாளை வாங்கி, அக்காவின் நான்கு மணி நேரத்தையும் ஒரு வரியாக எழுதச் சொல்லியிருக்கிறார் விடுதி அம்மா. 23 கிலோவாட் மெஷினுக்குப் பதில் 6 கிலோவாட் மெஷினுக்கும் 1,200 லிட்டர் தொட்டிக்கும் புது விலை கேட்டிருக்கிறார்கள். போர் தண்ணீர் ஒரு பாட்டிலில் பரிசோதனைக்குப் போயிருக்கிறது.